புஷ் வண்டியும் இரண்டரை செகண்டும்

புதுச்சேரிக்கு வர்ற நண்பர்கள் கடற்கரையில் ஒரு போட்டோ, மஞ்சள் சுவர் முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு ஊருக்குக் கிளம்பிடுறீங்க. அடுத்த தடவை வரும்போது பழைய பிரெஞ்சுக் காலத்துத் தபால் அட்டைப் படங்கள் எங்கேயாவது கிடைச்சா புரட்டிப் பாருங்க. அதில் ஒரு விசித்திரமான வண்டி இருக்கும். பேரு பூஸ்-பூஸ். பிரெஞ்சில் பூஸ்ன்னா தள்ளு. நம்ம ஆளுங்க வாயில் அது புஷ் வண்டி ஆயிடுச்சு.

கல்கத்தா கை ரிக்‌ஷாவில் இழுக்கிறவர் முன்னாடி, சவாரி பின்னாடி. புஷ் வண்டியில் எல்லாம் தலைகீழ். துரை முன்னாடி உட்கார்ந்திருப்பார். அவர் கையில் ஒரு நீளக் கம்பி. முன் சக்கரத்தைத் திருப்புறது அந்தக் கம்பிதான். பின்னாடி ஒரு தமிழ் ஆளு, சில வண்டிக்கு ரெண்டு ஆளு, ஓட்டமும் நடையுமா தள்ளிக்கிட்டுப் போவாங்க.

அந்தப் படத்தைப் பார்த்தா எனக்கு ஒரே யோசனை. குறுக்கே ஒரு ஆடு வந்துட்டா என்ன பண்ணியிருப்பாங்க? தள்ளுறவருக்கு முன்னால் துரையோட முதுகும் தொப்பியும்தான் தெரியும். ஆட்டைப் பார்க்கிறவர் துரை. ஆனா நிறுத்துற பலம் அவர்கிட்ட இல்லை, பின்னால இருக்கிறவர் காலில் இருக்கு. ஆக துரை கம்பியைத் திருப்பிக்கிட்டே சத்தம் போடணும், தள்ளுறவர் உடனே குதிகாலை ஊன்றணும். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம்னு வச்சுக்கிட்டாலும், ரெண்டு பேரும் சுதாரிக்க இரண்டரை செகண்ட் ஆச்சுன்னா, அதுக்குள்ள வண்டி ஓடுற தூரம் ஐந்தரை மீட்டர். ஆடு பிழைச்சிருக்கும்.

இந்த இரண்டரை செகண்டை நான் சும்மா சொல்லலை. அதுக்கு அப்புறம் வர்றேன்.

எங்க பாகூர் பக்கத்து மாட்டு வண்டியிலும் இதே கணக்குதான், கொஞ்சம் வேற மாதிரி. வைக்கோலும் நெல்லும் ஏத்திக்கிட்டு ராத்திரியில் புதுச்சேரிக்குக் கிளம்பினா சுமார் 20 கிலோமீட்டர். பாதி வழியிலேயே வண்டிக்காரர் தூங்கிடுவார். மாடு தூங்காது. பள்ளம்னா ஒதுங்கும், எதிரில் வண்டின்னா இடம் விடும், பாதையில் ஆள் படுத்திருந்தா நின்னுடும். வண்டியில் ரெண்டு ஜோடி கண்ணு இருந்துச்சு. அதில் ஒரு ஜோடி மாட்டோடது.

இங்கிலாந்துக்காரங்களுக்கும் இது தெரிஞ்சுதான் இருக்கு. 1865இல் அவங்க போட்ட சட்டப்படி, ரோட்டில் ஓடுற நீராவி வண்டிக்கு 60 கஜம் முன்னாடி ஒருத்தர் சிவப்புக் கொடி பிடிச்சுக்கிட்டு நடந்து போகணும். வேகம் ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல். இன்னைக்குப் படிச்சா சிரிப்பு வருது. ஆனா அந்தக் கொடிக்காரர் யாருன்னு நினைக்கிறீங்க? மாடு போன இடத்தில் வச்ச இன்னொரு ஜோடி கண்ணு. 1896இல் அந்தக் கட்டுப்பாட்டையெல்லாம் எடுத்துட்டாங்க. பிரான்சில் 1899இல் ஒரு அரசாணை வந்தது: ஊருக்குள் 20 கிலோமீட்டர், வெளியே 30. நாலே வருஷம் கழிச்சு, 1903 மே மாசம், பாரீஸிலிருந்து மாட்ரிட் வரைக்கும் கார் பந்தயம் விட்டாங்க. ஒரே புழுதி, ரோட்டோரம் முழுக்க வேடிக்கை பார்க்கிற கூட்டம், குறுக்கே நாய். மார்செல் ரெனோ உட்படப் பல பேர் செத்து, பந்தயத்தைப் போர்தோ நகரத்திலேயே நிறுத்த வேண்டியதாச்சு. ரெனோ கார் கம்பெனியை ஆரம்பிச்ச சகோதரர்களில் ஒருத்தர் அவர்.

இனிமே பார்க்கிறது, முடிவெடுக்கிறது, பிரேக்கை மிதிக்கிறது எல்லாம் ஒரே ஆளு. அந்த ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

இந்தக் கேள்வி காரிலிருந்து பிறக்கலை, வானத்திலிருந்து பிறந்துச்சு. அதிலும் புதுச்சேரிக்கு ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடக்கிறதை அளக்கணும்னு லெ ழாந்தி என்கிற பிரெஞ்சு வானியலாளர் 1760இல் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். வர்றதுக்குள்ள ஊர் இங்கிலீஷ்காரன் கைக்குப் போயிடுச்சு. 1761 ஜூனில் ஆடுற கப்பலில் இருந்து பார்த்தார், ஒண்ணும் அளக்க முடியலை. அடுத்தது 1769இல். காத்திருந்து, 1768இல் புதுச்சேரி வந்து, இடிஞ்சு கிடந்த கோட்டை மேல் ஒரு ஆய்வுக்கூடம் கட்டி உட்கார்ந்தார். ஜூன் 4 காலையில் மேகம் மூடிக்கிச்சு. அவர் பட்ட பாடு தனிக் கதை, இன்னொரு நாள் எழுதறேன். அதே வெள்ளியைப் பார்க்க 1761இல் செயின்ட் ஹெலினா தீவுக்குப் போய், அவரை மாதிரியே மேகத்திடம் தோத்தவர் மாஸ்கலின் என்கிற இங்கிலீஷ்காரர். பின்னாளில் கிரீன்விச் வானாய்வகத்துக்குத் தலைவர் ஆனார். 1796இல் அவர் தன் உதவியாளரை வேலையை விட்டே அனுப்பிட்டார். குற்றம் என்ன தெரியுமா? நட்சத்திரம் கம்பியைக் கடக்கிற நேரத்தை மாஸ்கலினை விட 0.8 செகண்ட் பிந்திக் குறிச்சது.

அந்த உதவியாளர் சோம்பேறி இல்லை. ஆளாளுக்கு இந்த நேரம் மாறும்னு பெசல் என்கிற ஜெர்மன் வானியலாளர்தான் பிறகு சொன்னார். 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ், தவளைக் காலை வச்சு, நரம்பில் சேதி போகவே நேரம் ஆகும்னு அளந்து காட்டினார். 1868இல் டோண்டர்ஸ், ஒண்ணுக்கு ரெண்டு விஷயத்தில் எதுன்னு தேர்ந்தெடுக்கணும்னா இன்னும் நேரம் கூடும்னு நிரூபிச்சார். 1971இல் சுவீடனில் யோஹான்சன், ரூமர்னு ரெண்டு பேர் 321 ஓட்டுநர்களை வச்சுப் பார்த்தாங்க. ஹாரன் சத்தம் வரும், கேட்டதும் பிரேக் போடுங்கன்னு முன்கூட்டியே சொல்லி அளந்ததில், நடுவாந்தரமா 0.66 செகண்ட். சொல்லாமல் வந்தா அது 1.35 மடங்கு ஆகும்னு கணக்குப் போட்டாங்க. அதாவது கிட்டத்தட்ட 0.9. எதிர்பார்த்து ஓட்டுறவருக்கும் எதிர்பார்க்காமல் ஓட்டுறவருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான், கால் செகண்ட். அந்தக் கால் செகண்டில் 80இல் போற கார் ஐந்து மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும்.

நம்ம இந்தியச் சாலைக் காங்கிரஸ் ரோடு போடும்போது எடுத்துக்கிற நேரம்தான் இரண்டரை செகண்ட். கிழவர், தூக்கக் கலக்கம், குழப்பம் எல்லாத்துக்கும் சேர்த்து. அவங்க கணக்குப்படி 40இல் போனா நிற்க 45 மீட்டர் வேணும், 60இல் 80 மீட்டர், 80இல் 120, 100இல் 180. வேகம் ரெண்டு மடங்கானா தூரமும் ரெண்டு மடங்குன்னு நினைச்சிடாதீங்க. 40க்கும் 80க்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைப் பாருங்க.

இப்போ இந்தக் கணக்கோட புதுச்சேரித் தெருவுக்கு வாங்க. 1693இல் டச்சுக்காரங்க ஊரைப் பிடிச்சு, 1699இல் திருப்பிக் கொடுத்தாங்க. நடுவில் கோடு கிழிச்ச மாதிரி நேர்த்தெருத் திட்டம் ஒண்ணு போட்டுட்டுப் போனாங்க. கொஞ்ச தூரத்துக்கு ஒரு முச்சந்தி, நாற்சந்தி. வெள்ளைக்காரத் தெருவில் உயரமான மதில், தமிழர் தெருவில் திண்ணை. ரெண்டுமே தெரு ஓரத்தை ஒட்டி. வண்டியோட மூக்கு வெளியே வந்தப்புறம்தான் பக்கத்துத் தெரு கண்ணுக்குத் தெரியும். புஷ் வண்டிக்கு ஐந்தரை மீட்டர் போதும், இந்த ஊர் அதுக்குச் சரி. 40இல் வர்ற பைக்குக்கு 45 மீட்டர் வேணுமே, அந்தத் திருப்பத்தில் எங்கே இருக்கு? அழகான தெருன்னு நீங்க ரசிக்கிறதைத்தான் சொல்றேன்.

கடலூர் ரோடு வேற கதை. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில்னு ஊர் ஊராகக் குத்திக்கிட்டுப் போற ரோடு. அங்கே எங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் செத்தார். சைக்கிளில் பின்னாடி புல்லுக்கட்டு வச்சுக்கிட்டு ரோட்டைக் கடந்தார். கார்க்காரர் சொன்னது ஒரே வார்த்தை: "திடீர்னு வந்துட்டாருங்க." அந்தப் பையன் பொய் சொல்லலைன்னுதான் நினைக்கிறேன். அவனுக்கு அது திடீர்தான். ஆனா செத்தவர் அதே நேரத்துக்கு, அதே இடத்தில், இருபது வருஷமா தினமும் புல்லுக்கட்டோட கடந்துக்கிட்டுதான் இருந்தார். ரோட்டோரத்து டீக்கடைக்காரர் அவரைப் பார்த்துத்தான் மணி சொல்வார். அவர் சம்சாரம் இன்னும் அந்த மாட்டை விக்கலை.

2022இல் மட்டும் இந்தியாவில் ரோட்டில் செத்தவங்க 1,68,491 பேர்னு அரசாங்கமே கணக்குக் கொடுத்திருக்கு. அதில் எத்தனை "திடீர்" இருக்கும்னு யாரும் எண்ணலை.

எங்க ஆளுங்க மேலே தப்பே இல்லைன்னு எழுதினா நீங்க நம்ப மாட்டீங்க, நானும் நம்ப மாட்டேன். ரோட்டில் பாதியை அடைச்சு உளுந்தும் எள்ளும் காயப்போட்டு, காத்தில் பறக்காமல் இருக்க ஓரத்தில் கருங்கல்லை வைக்கிறாங்களே, ராத்திரி அந்தக் கல்லை எடுக்கிறது யாரு? அதை விட மோசம் கரும்பு டிராக்டர். நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போற லோடுக்குப் பின்னாடி விளக்கு இருக்காது, இருந்தாலும் கரும்புத் தோகை மூடியிருக்கும். டிம் லைட் காட்டுற தூரம் சுமார் 40, 50 மீட்டர். 80இல் வர்றவருக்கு வேணும் 120. எவ்வளவு கெட்டிக்கார ஓட்டுநரா இருந்தாலும் மிச்ச 70 மீட்டரை எங்கிருந்து கொண்டு வருவார்? இது திடீரும் இல்லை, விதியும் இல்லை, வெறும் கழித்தல் கணக்கு.

போன வாரம் எங்க தெருப் பசங்க நாலு பேர் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ரோல் வாங்கிட்டு வந்து டிரெய்லர் டிரெய்லரா ஒட்டிக்கிட்டிருந்தாங்க. பின் பலகையில் மட்டும் ஒட்டினாங்க. தோகை தொங்கினா அதையும் மறைச்சிடும்டா, நீளக் கம்பு ஒண்ணு கட்டி அதில் ஒட்டி லோடுக்கு வெளியே நீட்டுங்கன்னு சொன்னேன். மூணு டிரெய்லருக்குக் கட்டியாச்சு. இன்னும் பதினொண்ணு இருக்கு, அறுவடை அதுக்குள்ள ஆரம்பிச்சிடும்.