பெண்களின் உடற்பயிற்சி அளவு-விளைவு ஆய்வு

பெண்களின் உடற்பயிற்சி அளவு-விளைவு ஆய்வு (சுருக்கமாக டுரூ ஆய்வு) என்பது, உயர்ந்த இரத்த அழுத்தம் கொண்ட பெண்களின் இதய நலத்துக்கு எவ்வளவு உடற்பயிற்சி தேவை என்பதை அறிய ஐக்கிய அமெரிக்காவில் நடத்தப்பட்ட மருத்துவ ஆய்வு ஆகும். இது டெக்சாசு மாநிலத்தின் டாலசு நகரில் உள்ள கூப்பர் ஆய்வு நிறுவனத்தில் நடைபெற்றது. இதன் முடிவுகள் 2007 ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியாயின. டிமொத்தி சர்ச் இவ்வாய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ஆவார்.

பின்னணி

மாதவிடாய் நின்றபின் ஈத்திரோசன் சுரப்பு குறைகிறது. வயதுடன் தமனிகளும் விறைப்படைகின்றன. இதனால் இரத்த அழுத்தம் உயர்கிறது. உயர் அழுத்தத்தை எதிர்த்து இரத்தத்தைத் தொடர்ந்து செலுத்தும்போது இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது. உடற்தகுதி குறைவாக இருப்பதும் இதய நோயால் இறக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது.

ஆய்வு முறை

உடற்பயிற்சி செய்யாத, உடல் எடை மிகுந்த, மாதவிடாய் நின்ற 464 பெண்கள் இதில் பங்கேற்றனர். இவர்கள் 45 முதல் 75 வயது வரையானவர்கள். இவர்களின் சுருங்கழுத்தம் 120 மி.மீ. பாதரசத்துக்குக் குறையாமலும் 160-ஐ எட்டாமலும் இருந்தது. இவர்கள் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு உடற்பயிற்சி செய்யவில்லை. ஏனைய மூன்றும் உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் வாரத்துக்கு முறையே 4, 8, 12 கிலோகலோரி செலவாகும்படி 6 மாதங்கள் மிதமான பயிற்சி செய்தன. எடுத்துக்காட்டாக, முதல் பயிற்சிக் குழுவில் 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் வாரத்துக்கு 280 கிலோகலோரி செலவிட வேண்டும். இடைநிலை அளவான 8 கிலோகலோரி, அன்றைய பொதுப் பரிந்துரைக்கு ஏறக்குறைய இணையானது.

முடிவுகள்

பயிற்சிக் குழுக்களின் உச்ச ஆக்சிசன் உள்ளெடுப்பு, பயிற்சி செய்யாத குழுவுடன் ஒப்பிடுகையில் முறையே 4.2%, 6.0%, 8.2% உயர்ந்தது. வாரத்துக்குச் சராசரியாக 72 நிமிடங்கள், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 நிமிடங்கள், பயிற்சி செய்தவர்களிடமும் உடற்தகுதி மேம்பட்டது. ஆனால் எந்தக் குழுவிலும் இரத்த அழுத்தம் குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை. ஆகவே, அழுத்தமானி காட்டும் எண் குறையவில்லை என்பதால் மட்டும் பயிற்சி பயனற்றது எனக் கொள்ள இயலாது.

வரம்புகள்

இவ்வாய்வு உடற்தகுதியையே முதன்மையாக அளந்தது. மாரடைப்பு, இறப்பு ஆகியவை குறைந்தனவா என்பதை 6 மாத ஆய்வால் காட்ட இயலாது. ஏற்கனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் இதில் சேர்க்கப்படவில்லை. எனவே முடிவுகளை அவர்களுக்கு அப்படியே பொருத்த முடியாது.

தற்போதைய பரிந்துரைகள்

வேறு பல ஆய்வுகளின் அடிப்படையில், தொடர்ச்சியான காற்றுவழிப் பயிற்சி உயர் இரத்த அழுத்தம் உள்ளோரின் சுருங்கழுத்தத்தைச் சராசரியாக 5 முதல் 8 மி.மீ. வரை குறைக்கும் என 2017 ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல் கூறுகிறது. உலக சுகாதார அமைப்பு 2020 இல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியைப் பரிந்துரைத்தது. இவ்வளவு இயலாதோருக்குச் சிறிதளவு பயிற்சியும் நன்மை தரும் என்றும் கூறியது. உடற்பயிற்சி மருந்துக்கு மாற்று அன்று. மருத்துவரின் அறிவுரையின்றி மாத்திரைகளை நிறுத்துதல் ஆபத்தானது.