எலுமிச்சையும் களிமண் முத்திரையும்

இலங்கைத் தீவின் காட்டுவழிகளில் மழைக்காலத்தில் நடந்தவர்களை யானையும் கரடியும் எப்போதோ ஒருமுறைதான் அச்சுறுத்தின. புல்நுனியிலும் இலையடியிலும் காத்திருந்து, வழிப்போக்கனின் கால் பட்ட கணத்திலேயே பற்றிக்கொண்ட அட்டைகளோ அவர்களை அன்றாடம் வாட்டின. 1344-ஆம் ஆண்டில் மாலத்தீவிலிருந்து தமிழகக் கரையிலிருந்த மாபார் நாட்டுக்குப் புறப்பட்டு, மாலுமியின் திறமைக் குறைவால் திசைதப்பி இலங்கையின் மேற்குக் கரையை அடைந்த மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, சிவனொளிபாத மலை யாத்திரையை வருணிக்குமிடத்தில் இந்த அட்டையையும் மறவாமல் குறிப்பிட்டு, அதன்மேல் பிழிவதற்கென்றே மக்கள் எலுமிச்சம்பழத்தைச் சித்தமாக வைத்திருந்தார்கள் என்கிறார். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் கண்டி அரசில் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ் என்னும் ஆங்கிலேயர், எலுமிச்சையையும் உப்பையும் கந்தலில் முடிந்து, கோலின் நுனியில் கட்டி, நடக்கும்போதே காலில் அடிக்கடி தட்டிக்கொள்ளும் வழக்கத்தைக் கண்டு எழுதியிருக்கிறார். இராஜ்யங்கள் மாறின, எலுமிச்சை மாறவில்லை.

இத்தகைய உபாயங்களை முன்னே நடந்தவன் பின்னே வருபவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். அக்காலத்து இலங்கையில் பிரயாணியின் க்ஷேமம் பாதையைக் காட்டிலும் துணையையே பெரிதும் சார்ந்திருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இப்னு பதூதா வந்திறங்கிய கரை யாழ்ப்பாண மன்னன் ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்டது. அம்மன்னனை நினைத்து மாலுமிகள் நடுங்கிக்கொண்டிருக்க, இவரோ தாம் மாபார் சுல்தானின் சகலை என்று சொல்லிக்கொண்டு துணிந்து கரையேறினார். (உறவு சொல்லிப் பிழைக்கும் இந்த வித்தை நம்மவருக்கும் புதிதன்று.) பாரசீக மொழி அறிந்த அவ்வரசன், என்ன வேண்டும் என்று வினவியபோது, பாத தரிசனம் ஒன்றே வேண்டும் என்றார். உடனே பல்லக்கும் அதைச் சுமக்க ஆட்களும் வந்தனர். ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்று பழகிய யோகியர் 4 பேரும், பிராமணர் 3 பேரும், பரிவாரத்தினர் 10 பேரும், உணவுப்பொருள் சுமப்போர் 15 பேரும் உடன் அனுப்பப்பட்டனர். மலையின் செங்குத்தான பகுதியில் ஏறுவோர் பற்றிக்கொள்ள இரும்புச் சங்கிலிகள் பொருத்தப்பட்டிருந்ததையும் அவர் கண்டார்.

கண்டி மன்னர்களின் கொள்கை இதற்கு நேர்மாறானது. பகைவர் படை நுழையாதபடி நல்ல பாதைகளே இல்லாமல் பார்த்துக்கொண்ட அவர்கள், இருந்த ஒற்றையடிப் பாதைகளிலும் முட்கதவுகளை அமைத்துக் காவலரை நிறுத்தினார்கள். அக்கதவுகளைக் கடக்க விரும்பியவனுக்குக் களிமண்ணில் பதித்த முத்திரையே அனுமதிச் சீட்டாக இருந்தது. போர்வீரனுக்கு ஆயுதம் தாங்கிய மனித உருவம். கூலியாளுக்குத் தோளில் காவடித் தண்டு தாங்கி இருபுறமும் மூட்டை தொங்கவிட்ட உருவம். வெள்ளையனுக்கு இடையில் வாளும் தலையில் தொப்பியும் கொண்ட உருவம். கூட்டத்தில் எத்தனை பேரோ அத்தனை பதிவுகள். எழுத்தறியாத காவலனையும் ஏமாற்ற முடியாத இந்த ஏற்பாட்டை நான் வியக்கிறேன், ஆயினும் அது காத்தது அரசனையே, பிரயாணியை அன்று. 1660-இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்ட நாக்ஸ், பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், சில்லறைச் சரக்கு விற்கும் வியாபாரியாக ஊர் ஊராக நடமாடிப் பிறர் சந்தேகத்தை அகற்றி, ஒரு துணைவருடன் அநுராதபுரத்தைக் கடந்து, அருவியாற்றின் கரையோரமாகவே காட்டில் நடந்து, 1679-இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையைச் சேர்ந்தார். விசிறிபோல் மடித்துக் கையில் எடுத்துச் செல்லத்தக்க தாளிப்பனை ஓலை, விரித்தால் பதினைந்து இருபது பேரை மழையிலிருந்து காக்கும் என்று வியந்து எழுதியவரும் அவரே.

1815-இல் கண்டி வீழ்ந்தபின் ஆங்கிலேயர் சாலை போட்டனர். கவர்னர் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு – கண்டிச் சாலை உருவாயிற்று. தாமஸ் ஸ்கின்னர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இலங்கைச் சாலைகளுக்கே செலவிட்டார். சாலை நெடுகிலும் எழுந்த வாடிவீடுகளில் துரைமாருக்குக் கட்டிலும் கோழிக்கறியும் கிடைத்தன. ஆனால் அவர்களுடைய காப்பித் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த தமிழ்நாட்டு ஏழைகள், மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட வன்னிக் காட்டினூடே மாத்தளை வரை ஏறக்குறைய 150 மைல் நடந்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டி, அன்னதாதா, கடன் கொடுத்தவன் எல்லாம் ஆள்சேர்த்து அழைத்துவந்த கங்காணி ஒருவனே. வாந்திபேதியும் காட்டுக் காய்ச்சலும் கண்டு நடக்க இயலாது விழுந்தவர்கள் பாதையோரத்திலேயே விடப்பட்டனர். முன்சென்றவர் பின்வருபவரைக் காத்த பழைய தர்மம், ஆளைத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்ட இடத்தில் அறுந்துபோயிற்று. தோட்டம் மாறிச் செல்ல விரும்பியவனுடைய கடனைக் குறித்து அக்காலத்தில் கொடுக்கப்பட்ட ‘துண்டு’ என்னும் சீட்டைக் காணும்போது, கண்டி அரசனின் களிமண் முத்திரையே மேல் என்று எண்ணத் தோன்றுகிறது. அதிலாவது கடன் எழுதப்படவில்லை.

நோயைத் தடுக்க அரசாங்கம் முனையாமலில்லை. எனினும் அந்த முயற்சியிலும் ஏழைகளைக் காக்கும் கவலையை விட அவர்களைக் கண்டு அஞ்சும் அச்சமே மேலோங்கியிருந்தது. கதிர்காமத் திருவிழாவுக்குக் காடு கடந்து செல்லும் யாத்திரிகரால் வாந்திபேதி பரவுமென்று அஞ்சிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்கள் தொகையைக் கட்டுப்படுத்தினர். பின்னாளில் எழுத்தாளராகப் பெயர்பெற்ற லெனார்ட் வுல்ஃப், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் அதிகாரியாக இருந்தபோது, இந்த யாத்திரையை மேற்பார்வையிடும் பொறுப்பும் அவருடையதாயிற்று. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கி, இருபுறமும் ரயில் வந்து சேர்ந்தபோது, கால்நடையாக வன்னிக் காட்டைக் கடக்கும் துயரம் ஒழிந்திருந்தது. அதற்குப் பதிலாக, இலங்கை அரசாங்கம் இராமநாதபுரத்துக் கரையில் நடத்திய மண்டபம் முகாமில் தொழிலாளர் குடும்பங்கள் தடுத்துவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, நோய்க்குறி ஏதும் இல்லையென்று வைத்தியர் கண்ட பிறகே கப்பலேற அனுமதிக்கப்பட்டனர். வாந்திபேதி ஆள் பார்த்து வருவதில்லை. ஆயினும் மேல் வகுப்புச் சீட்டு வாங்கியவர்களுக்கு அந்த முகாம்வாசம் விதிக்கப்படவில்லை.