வேட்பாளர்களுக்குக் கூடம் தந்த தேவாலயம்

இந்தியாவில் தேர்தல் தேதி அறிவித்ததுமே நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிடும். கோயில், மசூதி, தேவாலயம் எதையும் பிரசார மேடையாக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. போதாதென்று, வழிபாட்டு இடங்களை அரசியலுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க 1988-ல் தனிச் சட்டமே வந்தது. இந்தப் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்தில் நடப்பது வினோதமாகத்தான் தெரியும். அங்கே உள்ளாட்சித் தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது நகர்மன்றத்துக்கும் பள்ளிக் குழுவுக்கும் போட்டியிடுகிறவர்களை ஒரே மேசைக்குப் பின்னால் வரிசையாக உட்காரவைத்து, ஊர்க்காரர்கள் கேள்வி கேட்பார்கள். பல ஊர்களில் அதற்கு இடம் கொடுப்பது தேவாலயம். அங்கே குடியேறிய தீவிர சீர்திருத்தக் கிறிஸ்தவர்களான பியூரிட்டன்கள் காலத்து மத ஆட்சியின் மிச்சசொச்சம் இது என்று சொல்லிவிடுவது சுலபம். அந்த வட்டாரத்தின் வரலாறு சொல்வது வேறு. ஓட்டைத் தன் கைக்குள் வைத்திருந்த காலத்தில் எல்லாத் தரப்புக்கும் பொதுவான இடமாக இருக்கத் தேவாலயத்தால் முடியவில்லை. அந்த அதிகாரத்தை இழந்த பிறகுதான் அதற்கு அந்தத் தகுதி வந்தது.

நியூ இங்கிலாந்தின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1631-ல் போட்ட உத்தரவு ஒளிவுமறைவில்லாதது. சபையின் உறுப்பினராக இல்லாதவர் வாக்குரிமை உள்ள குடிமகனாக முடியாது. சபை உறுப்பினராவதும் லேசல்ல. கடவுளின் அருள் தன்னைத் தொட்ட விதத்தைச் சபையார் முன்னால் நின்று விவரிக்க வேண்டும், அவர்கள் அதை நம்ப வேண்டும். ஆக, வாக்காளர் பட்டியலின் சாவி சபையிடம் இருந்தது. ஆண்டுதோறும் தேர்தல் நாளில் ஆளுநரையும் அதிகாரிகளையும் முன்னால் உட்காரவைத்துப் போதகர் ஒருவர் பிரசங்கம் செய்வார். 1634-ல் தொடங்கிய இந்தத் தேர்தல் பிரசங்கம் 1884 வரை நீடித்தது. 1643-ல், ஆளுநர் அவைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது மக்காச்சோள மணியைப் போட்டால் சம்மதம், அவரை விதையைப் போட்டால் மறுப்பு என்று விதி செய்தார்கள். ஒன்றுக்கு மேல் போட்டுப் பிடிபட்டால் 10 பவுண்டு அபராதம். கள்ள ஓட்டு பக்திமான்களுக்கும் புதிதல்ல போலிருக்கிறது. ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்லியாக வேண்டும். போதகர்கள் அரசுப் பதவி வகிக்கும் வழக்கம் அங்கே இல்லை. ஆட்சி குருமார் கையில் இல்லை, ஆனால் யார் ஆளலாம், யார் தேர்ந்தெடுக்கலாம் என்பது சபையின் வாசலில் தீர்மானமானது. 1691-ல் இங்கிலாந்து அரசு வழங்கிய புதிய சாசனம்தான் சபை உறுப்புரிமையை எடுத்துவிட்டுச் சொத்தை வாக்குக்குத் தகுதியாக்கியது.

அக்காலத்துக் கட்டடம் ஒன்று இன்னும் நிற்கிறது. பாஸ்டனுக்குத் தெற்கே ஹிங்ஹாம் என்ற ஊரில் 1681-ல் கட்டிய ‘ஓல்ட் ஷிப்’ தேவாலயம் அது. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் வளைந்த பெரிய உத்தரங்கள் கவிழ்த்த கப்பலின் அடிப்பகுதி மாதிரி தெரியும், பெயரும் அதனால்தான் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே வழிபாடு நடக்கும். வேறொரு நாள் அதே பலகைகளில் உட்கார்ந்து சாலை போடுவது, வேலி கட்டுவது பற்றி முடிவெடுப்பது, ஊர் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பது எல்லாம் நடக்கும். 1780 வரை ஹிங்ஹாமின் ஊர்க்கூட்டங்கள் அங்கேதான் கூடின. கட்டடம் ஊர் வரிப்பணத்தில் எழும்பியது. போதகரின் சம்பளத்தையும் ஊர்க்கூட்டமே ஓட்டுப் போட்டு நிர்ணயிக்கும். யார் எந்தப் பலகையில் உட்காருவது என்பதுகூடப் பல ஊர்களில் வயது, சொத்து, அந்தஸ்து பார்த்து ஒரு குழு ஒதுக்கிக் கொடுப்பதுதான். ஆகவே ஊர்க்கூட்டம் கூடும்போது பெரிய மனிதர் யார், சின்ன மனிதர் யார் என்பதை இருக்கைகளே சொல்லிக்கொண்டிருக்கும். இதை ஜனநாயகத்தின் தொட்டில் என்று போற்றுகிறவர்கள் உண்டு. விவாதமும் வாக்கெடுப்பும் அந்தக் கூரையின் கீழ் பழக்கமாயின என்பது உண்மை. எல்லோருக்கும் பொதுவான இடமாக அது இருந்தது என்று சொன்னால் அது உண்மையல்ல.

வரி கட்டியவர்களில் அந்தச் சபையை ஏற்காதவர்களும் இருந்தார்கள் என்பதுதான் சிக்கல். பாப்டிஸ்டுகள், குவேக்கர்கள் போன்ற வேறு கிறிஸ்தவப் பிரிவினருக்கு விலக்கு தருவதாகச் சட்டம் சொன்னாலும், சான்றிதழ் கேட்டு அலைக்கழிப்பதும் ஜப்தி செய்வதும் நின்றபாடில்லை. பாப்டிஸ்ட் போதகர் ஐசக் பேக்கஸின் தாயார் போதகர் வரி கட்ட மறுத்ததற்காக 1752-ல் கனெக்டிகட் மாநிலத்து நார்விச்சில் சிறைக்குப் போனார். பேக்கஸ் பிறகு வாழ்நாள் முழுக்க இந்த வரியை எதிர்த்து எழுதினார், பேசினார். ஆனால் மாசசூசெட்ஸில் அதன் வேரை அறுக்க உதவியது எதிர்பாராத ஒரு வழக்கு. டெடம் ஊரில் 1818-ல் போதகர் பதவி காலியானபோது, வரி கட்டும் ஊர்க்காரர்கள் தாராளக் கொள்கையுள்ள ஆல்வன் லாம்சனைத் தேர்ந்தெடுத்தார்கள். சபை உறுப்பினர்களில் பெரும்பாலோர் அவரை ஏற்கவில்லை, பிரிந்து போனார்கள். சொத்து யாருக்கு என்ற வழக்கில் 1820-ல் மாநில உச்ச நீதிமன்றம் ஊர்க்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. வரிப்பணத்தில் வாழும் சபையை வரி கட்டுகிறவன் ஓட்டுப் போட்டே பறித்துக்கொள்ளலாம் என்று பழைமைவாதிகளுக்கு அன்றுதான் உறைத்தது. அதுவரை வரியைக் கட்டிக்காத்தவர்களில் பலரே அதைக் கைவிடத் தயாரானார்கள். கனெக்டிகட் 1818-லேயே வரியை நிறுத்தியிருந்தது. எல்லா மாநிலங்களுக்கும் கடைசியாக, 1833-ல், மாசசூசெட்ஸும் நிறுத்தியது. கனெக்டிகட்டில் வரிக்காகக் கடைசிவரை போராடித் தோற்ற போதகர் லைமன் பீச்சர் முதலில் இடிந்துபோனார். பிற்காலத்தில், அந்த மாநிலத்துக்கு அதைவிட நல்லது நடந்ததில்லை என்றே எழுதிவைத்தார். ஆளைத் தேடிப் போக வேண்டிய கட்டாயம் வந்ததும் சபைக்கு உயிர் வந்தது என்பது அவர் கணக்கு. யாழ்ப்பாணத்துக்கு 1816-லும் மதுரைக்கு 1834-லும் வந்த அமெரிக்க மிஷனரிகளை அனுப்பிய அமைப்பும், பியூரிட்டன் வழிவந்த இதே காங்கிரிகேஷனல் சபைகளின் உலகத்தில் உருவானதுதான். அந்த அமைப்பு அரசு வரியில் அல்ல, விரும்பிக் கொடுத்த காணிக்கையில் நடந்தது.

ஊரும் சபையும் கணக்கைப் பிரித்துக்கொண்ட பிறகு பல ஊர்கள் தனியாக நகரமன்றக் கட்டடம் கட்டிக்கொண்டன. சில இடங்களில் பழைய கட்டடத்தையே இரண்டு தளமாகப் பிரித்து மேலே வழிபாடும் கீழே ஊர்க்கூட்டமும் என்று சமாளித்தார்கள். இனிமேல் தேவாலயத்தில் ஊர் கூட வேண்டுமென்றால் சபை மனமுவந்து கதவைத் திறக்க வேண்டும், வருகிறவரும் மனமுவந்து வர வேண்டும். வேட்பாளர் கூட்டத்துக்கு அடித்தளம் இந்த மாற்றமே. பெண்கள் வாக்குரிமை பெற்ற 1920-ல் தோன்றிய பெண் வாக்காளர் சங்கம் எந்தக் கட்சியையும் ஆளையும் ஆதரிப்பதில்லை என்ற கொள்கையோடு இத்தகைய கூட்டங்களை நாடெங்கும் பரப்பியது. இன்று பெரும்பாலும் கூட்டம் நடப்பது பீடத்துக்கு முன்னால் அல்ல, காபிப் பாத்திரமும் மடக்கு நாற்காலியுமாக இருக்கும் பக்கத்துக் கூடத்தில். பேசும் வரிசைக்குச் சீட்டுக் குலுக்குவார்கள். கேள்விகளைச் சிறு அட்டைகளில் எழுதி வாங்கி, ஒரேமாதிரி கேள்விகளை ஒன்றாக்கிப் படிப்பார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் மஞ்சள் அட்டையைத் தூக்கினால் நேரம் முடியப்போகிறது, சிவப்பைத் தூக்கினால் வாயை மூட வேண்டும். துண்டுப் பிரசுரங்களுக்கு வாசலுக்கு வெளியே ஒரு மேசை. சபைப் போதகர் வரவேற்றுவிட்டு உட்கார்ந்துவிடுவார். 1634-ன் தேர்தல் நாளில் பேசியவர் போதகர், கேட்டவர் ஆளுநர். இப்போது நிலைமை தலைகீழ்.

கறுப்பின மக்களின் தேவாலயங்களை எடுத்துக்காட்டி, பொது இடமாக ஒதுங்கி நிற்பதே தேவாலயத்தின் தகுதி என்ற வாதத்தை மறுக்கலாம், கனமான மறுப்புதான். அவை ஒதுங்கி நின்று கூடம் மட்டும் கொடுக்கவில்லை, பக்கம் எடுத்தன. உள்நாட்டுப் போருக்குப் பின் ரிச்மண்ட் நகரின் முதல் ஆப்பிரிக்க பாப்டிஸ்ட் தேவாலயத்தில் 1867-ல் நடந்த அரசியல் கூட்டங்களில், சட்டம் வாக்குரிமை தராத பெண்களும் தீர்மானங்களுக்கு வாக்களித்தார்கள். சார்ல்ஸ்டன் நகரின் இமானுவேல் சபையின் போதகர் ரிச்சர்ட் கெய்ன் 1872-ல் அமெரிக்க காங்கிரசுக்கே தேர்வானார். மிசிசிப்பியின் ரூல்வில் ஊரில் 1962 ஆகஸ்டில் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குப் போன ஃபேனி லூ ஹேமருக்கு அப்போது வயது 44. கறுப்பர்கள் வாக்காளராகப் பதிவு செய்யலாம் என்பதையே அவர் அங்கேதான் கேள்விப்பட்டார். அந்த மாதக் கடைசியில் பதிவு செய்யப் போய்வந்த அன்றிரவே, வேலை பார்த்த பருத்தித் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டார். 1964 ஜூனில் அதே மாநிலத்தில் மவுண்ட் சயன் தேவாலயம், கறுப்பர்களின் உரிமை இயக்கத்துக்கு இடம் கொடுக்க முன்வந்ததற்காகக் கொளுத்தப்பட்டது. இங்கே நடுநிலை எங்கே என்று கேட்டால், நடுவில் நிற்க இடமே இருக்கவில்லை என்பதுதான் பதில். வேட்பாளர்களை வரிசையாக உட்காரவைக்க வேண்டுமானால் முதலில் கேட்பவர்களுக்கு ஓட்டு இருக்க வேண்டும். ஓட்டே மறுக்கப்பட்டவர்களின் சபை, ஓட்டைக் கேட்டுப் போராடியது. பியூரிட்டன் சபை தகுதி பார்த்து ஓட்டைச் சுருக்கியது, இது சட்டம் சுருக்கியதை விரிக்கப் பார்த்தது. அமெரிக்க வரலாற்றில் தேவாலயம் தேர்தலுக்குச் செய்த மிகப் பெரிய காரியம் இதுதான் என்பது என் எண்ணம். அதற்குப் பக்கத்தில் வைத்தால் வேட்பாளர் கூட்டம் சின்ன விஷயம்.

வேட்பாளர் கூட்டம் நடத்தும் சபைகளின் நடுநிலை மனமாற்றத்தில் வந்ததல்ல, வருமானவரி பயத்தில் வந்தது என்று சொல்வோரும் உண்டு. 1954-ல் செனட்டர் லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த திருத்தத்தின்படி, தேவாலயம் உட்பட, வரிவிலக்கு பெறும் அறநிறுவனம் எந்த வேட்பாளரின் தேர்தல் பிரசாரத்திலும் தலையிடக் கூடாது. டெக்சாஸில் தன்னை எதிர்த்த அமைப்புகளின் வாயை அடைக்கத்தான் அவர் அதைச் செய்தார் என்பது பரவலான கருத்து, அவையில் பெரிய விவாதமும் நடக்கவில்லை. எல்லோரையும் அழை, சம நேரம் கொடு, பல துறைகளிலும் கேள்வி கேள், நடத்துபவர் சார்பு காட்டாதே என்று வருமானவரித் துறை விளக்கம் தந்தது 1986-ல். சட்டத்தின் பிறப்பு அழுக்கானது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அது அபூர்வமாகவே கடித்தது. நியூயார்க் மாநிலத்து பிங்ஹாம்டனின் ஒரு சபை 1992 தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு ஜனாதிபதி வேட்பாளர் பில் கிளின்டனுக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று தேசிய நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்து வரிவிலக்கை இழந்தது, 2000-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இப்படிப்பட்ட வழக்கு இன்னொன்றைத் தேடினாலும் சுலபத்தில் கிடைக்காது. தண்டனை இவ்வளவு அரிதாக இருந்தும் சபைகள் இரு தரப்பையும் அழைத்தன என்றால் பயம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஒரே சபையில் இரு கட்சிக்காரர்களும் காணிக்கை போடுகிறார்கள். 1833-க்குப் பிறகு அந்தக் காணிக்கைதான் சபையின் சோறு.

சிலுவைக்குக் கீழே உட்கார யூதருக்கோ முஸ்லிமுக்கோ நாத்திகருக்கோ கூச்சம் இருக்காதா என்ற கேள்வியை நான் அவ்வளவு எளிதாகத் தள்ள மாட்டேன். நீதிமன்றங்களும் இதில் ஒரே மாதிரி பேசவில்லை. தேவாலயத்தில் வாக்குச்சாவடி வைப்பது தவறில்லை என்று 1992-ல் ஓக்லஹோமா வழக்கொன்றில் தீர்ப்பு வந்தது. விஸ்கான்சினில் அரசுப் பள்ளிகள் பெரிய தேவாலயம் ஒன்றில் பட்டமளிப்பு நடத்தியது செல்லாது என்று 2012-ல் இன்னொரு நீதிமன்றம் சொன்னது. பள்ளி விழாவுக்கு மாணவன் வராமல் இருப்பது கஷ்டம், பிரம்மாண்டமான சிலுவைக்கு முன்னால் அவனை உட்காரவைத்தது அரசு. வேட்பாளர் கூட்டத்துக்கு யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. இருந்தாலும் நூலகத்திலோ பள்ளியிலோ இடம் கிடைக்கும் ஊரில் அங்கே நடத்துவதே மேல். தேவாலயக் கூடத்தின் பலம் புனிதம் அல்ல. சாயங்காலம் காலியாக இருக்கும், வாடகை குறைவு, வண்டி நிறுத்த இடம் உண்டு, ஊரில் எல்லோருக்கும் வழி தெரியும். அவ்வளவுதான்.

2025 ஜூலையில் அமெரிக்க வருமானவரித் துறை டெக்சாஸ் நீதிமன்றம் ஒன்றில், தன்மீது வழக்குத் தொடுத்தவர்களோடு சேர்ந்து கூட்டு மனு தாக்கல் செய்தது. வழிபாட்டின்போது போதகர் தன் சபையாரிடம் மத நம்பிக்கையின் கோணத்தில் தேர்தல் பற்றிப் பேசினால் அது 1954-ன் தடைக்குள் வராது என்று அதில் ஒப்புக்கொண்டது. பேச்சுரிமைக்கு வெற்றி என்று சிலர் கொண்டாடினார்கள். போதகர் காலையில் ஒருவருக்கு ஓட்டுக் கேட்டுவிட்டு மாலையில் எதிர்வேட்பாளரைக் கூடத்துக்கு அழைத்தால் அவர் எதை நம்பி வருவார் என்பதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. வரியையும் வாக்காளர் பட்டியலையும் விட்டுக்கொடுத்து இரண்டு நூற்றாண்டில் சேர்த்த நம்பகத்தை ஒரே பருவத்தில் செலவழித்துவிடலாம். நாட்டின் மிகப் பெரிய திருச்சபைக்கு இந்தக் கணக்கு புரிந்திருக்கிறது. அந்த மனு வெளிவந்ததுமே, எந்த வேட்பாளரையும் ஆதரிப்பதோ எதிர்ப்பதோ இல்லை என்ற தங்கள் நிலைப்பாட்டில் மாற்றமில்லை என்று அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் பேரவை அறிவித்துவிட்டது.