கை எட்டாத கணினி

வீட்டுக் கணினி உறைந்துபோனால் அணைத்துப் போடலாம். அதற்கும் மசியாவிட்டால் சேஃப் மோடில் திறக்கலாம். கடைசியாக எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்யலாம். பொத்தான் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் இதெல்லாம் நடக்கிறது. கையே எட்டாத இயந்திரத்தைப் பழுதிலிருந்து மீட்கும் கலைக்கு இந்தியாவில் பெங்களூருவின் பீன்யாவே பிறந்த வீடு.

1972இல் அங்கே தொழிற்பேட்டை உருவாகிக்கொண்டிருந்தது. யு. ஆர். ராவ் தலைமையில் ஓர் இளைஞர் குழு அங்கிருந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைக் கொட்டகைகளில் நாட்டின் முதல் செயற்கைக்கோளைக் கட்டத் தொடங்கியது. 360 கிலோ எடையுள்ள ஆரியபட்டா 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ராக்கெட்டில் மேலே சென்றது. சில நாட்களிலேயே அறிவியல் கருவிகளுக்கான மின்வழங்கி பழுதானது. அந்தக் கருவிகளை நிறுத்திவிட்டு மற்ற பாகங்களைக் காப்பாற்றுவது ஒன்றே வழி. அப்படியே செய்தார்கள், ஆராய்ச்சி நின்றது, செயற்கைக்கோளின் மற்ற அமைப்புகள் 1981 வரை உயிரோடிருந்தன. கெட்ட பகுதியைப் பிரித்துவிட்டு மிச்சத்தை வாழவைக்கும் இந்த முறைதான் பின்னால் வந்த எல்லா மீட்புக்கும் அடிப்படை.

அடுத்த பாடம் பொறுமை. 1979 ஜூனில் ஏவப்பட்ட பாஸ்கரா-1 செயற்கைக்கோளின் கேமராக்களை இயக்க முடியவில்லை. உள்ளே சிக்கியிருந்த வாயுவால் உயர் மின்னழுத்தப் பகுதியில் மின்கசிவு ஏற்பட்டது. வாயு வெளியேறட்டும் என்று ஏறக்குறைய ஓராண்டு காத்திருந்து, 1980 மே மாதம் மீண்டும் கட்டளை அனுப்பியபோது ஒரு கேமரா விழித்துக்கொண்டது.

விண்கலங்களுக்குள் கணினி குடியேறிய பிறகு சிக்கலின் வடிவமே மாறிற்று. விண்வெளியின் மின்னூட்டத் துகள் ஒன்று நினைவகத்தைத் துளைத்தால் 0 என்பது 1 ஆகிவிடும். அந்த ஒற்றைப் பிழையே நிரலை முடக்கப் போதும். இதற்காக வைத்திருக்கும் காவல் ஏற்பாட்டுக்கு வாட்ச்டாக் என்று பெயர். அது ஒரு கடிகாரம். கணினி குறித்த இடைவெளியில் அதைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டு வரவில்லை என்றால் கணினி மயங்கிவிட்டது என்று கொண்டு அதுவே ரீசெட் செய்யும். அதற்கும் சரியாகாவிட்டால் மாற்றுக் கணினி பொறுப்பேற்கும், அல்லது கலம் சேஃப் மோடுக்குப் போகும்: சூரியத் தகடுகளை வெயிலுக்குத் திருப்பி, அவசியமில்லாததை அணைத்து, தரையின் குரலுக்குக் காத்திருக்கும்.

அந்தக் குரல் பீன்யாவிலிருந்தே புறப்படுகிறது. இஸ்ரோவின் கண்காணிப்பு, கட்டளை வலையமைப்பான இஸ்ட்ராக் அங்கேதான் இருக்கிறது. மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த நிலவுக் கலம் சந்திரயான்-1, 2009இல் நட்சத்திர உணரியை இழந்தது. தான் எந்தத் திசையில் நிற்கிறது என்றே தெரியாத கலத்தை கைரோஸ்கோப் துணையோடு நடத்தினார்கள். மே மாதம் அதன் சுற்றுப்பாதையை 100 கி.மீ.யிலிருந்து 200 கி.மீ.க்கு உயர்த்தினார்கள். ஆகஸ்ட் 29 அன்று தொடர்பு அறுந்தது. 312 நாள் உழைத்த கலம் அது.

மீட்பின் அழகைச் செவ்வாய்க்குச் சென்ற மங்கள்யானில் பார்க்கலாம். 2013 நவம்பர் 11 அதிகாலை சுற்றுப்பாதை உயர்த்தும் பணியில் நொடிக்கு 130 மீட்டர் கூடுதல் வேகம் கிடைக்க வேண்டும், கிடைத்தது 35. எரிபொருள் வால்வின் முதன்மைச் சுருளையும் மாற்றுச் சுருளையும் ஒரே நேரத்தில் இயக்கிப் பார்த்தபோது இயந்திரத்துக்கான எரிபொருள் ஓட்டமே நின்றுவிட்டது. கலத்தின் கணினி யாரையும் கேட்காமல் சிறிய உந்துபொறிகளுக்கு மாறிக்கொண்டது. அடுத்த நாள் அதிகாலை, இரண்டு சுருளையும் சேர்த்து இயக்காமல், விட்டுப்போன வேகத்தை ஈடுகட்டினார்கள். 24 மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான இடைவெளி! கலம் செவ்வாயை அடைந்த 2014 செப்டம்பர் 24 அன்று ஒரு சமிக்ஞை ஒரு வழியில் வந்துசேரவே 12 நிமிடத்துக்கு மேல் ஆனது. கோளாறு வந்தபின் கட்டளை அனுப்பிப் பயனில்லை என்பதால் எல்லாக் கட்டளைகளையும் பல நாள் முன்பே ஏற்றியிருந்தார்கள்.

எல்லாம் மீண்டுவிடுவதில்லை. ஏழரை மணி நேரம் நீடித்த ஒரு கிரகண நிழலில் சிக்கிய மங்கள்யான் 2022 ஏப்ரலில் மௌனமானது. அதன் மின்கலம் சுமார் 1 மணி 40 நிமிட நிழலுக்கே வடிவமைக்கப்பட்டது. மீட்க இயலாது என்று இஸ்ரோ அந்த ஆண்டு அக்டோபரில் அறிவித்தது.

விழுப்புரத்துக்காரரான ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3இன் தரையிறங்கு கலமான விக்ரம் சந்திரனில் இறங்கி, 2023 செப்டம்பர் 4 அன்று உறங்க வைக்கப்பட்டது. கருவிகளை அணைத்தாலும், அதன் ரேடியோ ஏற்பியை மட்டும் திறந்தே விட்டார்கள். சந்திரனின் நீண்ட இரவு முடிந்து வெயில் ஏறிய செப்டம்பர் 22 அன்று அழைப்பு போனது. பதில் வரவில்லை.