வேலியோரக் கல்வாழை

தண்ணீர்மலைக் கோயிலுக்குத் தைப்பூசத்தன்று போனவர்கள் அருகிலுள்ள பினாங்குத் தாவரத் தோட்டத்தையும் பார்த்திருப்பார்கள். கருங்கல் உடைத்த பள்ளமாகக் கிடந்த இடத்தில் 1884இல் அதை உருவாக்கியவர் சார்ல்ஸ் கர்ட்டிஸ். ஆனால், தீவின் முதல் அரசாங்கத் தோட்டம் அதுவன்று. 1790களிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி கிராம்பும் ஜாதிக்காயும் பயிரிட்டு, 1805இல் அந்தத் தோட்டத்தை விற்றுவிட்டது. 1822இல் மறுபடி ஒன்றைத் தொடங்கி, 1834இல் அதையும் விற்றார்கள். வெள்ளைக்காரன் தோட்டம் போட்டது காசுக்காக, அழகு பார்ப்பதற்கல்ல.

அழகு பார்த்தவர்கள் நாம். பால்மரக் காட்டில் வெளுக்கும் முன்பே வேலைக்குப் போய்த் திரும்பிய தாய்மார்கள், லயத்து வாசலில் இருந்த நாலடி மண்ணில் பூச்செடி வைத்தார்கள். அப்படி வேலியோரத்தில் நிற்க ஏற்ற செடிகளில் ஒன்று கல்வாழை. ஆளுயரம் வளரும், வாழையிலை போன்ற இலை, சிவப்பு, மஞ்சள் பூ, ஒருமுறை நட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

இதன் அறிவியல் பெயரில் ‘இண்டிகா’ என்று வரும். 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர். நம் நாட்டுச் செடி என்று மகிழ்ந்துவிட வேண்டாம்! இதன் தாயகம் அமெரிக்காவின் வெப்பப் பகுதி. அந்த நாடுகளையும் ஐரோப்பியர் ‘இந்தியா’ என்றே அழைத்ததால் வந்த குழப்பம் இது. ஆண்டிஸ் மலைமக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக இதன் கிழங்கை வேகவைத்துத் தின்கிறார்கள். வியட்நாமில் அதன் மாவில் சேமியா போன்ற உணவு செய்கிறார்கள். பெரிய பூக்கள் கொண்ட இன்றைய கல்வாழை வகைகளுக்கு அடித்தளம் இட்டது 19ஆம் நூற்றாண்டுப் பிரான்சு நாட்டில் நடந்த கலப்பினச் சேர்க்கை.

மலாய்க்காரர்கள் இதைப் ‘புங்கா தஸ்பீ’ என்பார்கள். உருண்டையான கறுப்பு விதை செபமாலைக்கு உதவும் என்பதால் வந்த பெயர். விதையின் உறுதிக்கு ஒரு சான்று சொல்வோம். அர்ஜென்டினாவில் ஒரு பழங்காலப் புதைகுழியில், கொட்டையோட்டுக்குள் கல்வாழை விதையிட்டுச் செய்த கிலுகிலுப்பை கிடைத்தது. ஏறக்குறைய 600 ஆண்டு பழைய அந்த விதை முளைத்தது என்று 1971இல் வெளிவந்த ஆய்வு கூறியது.

நாம் வளர்ப்பதற்கு விதை வேண்டாம், கிழங்கு போதும். ஒரு முளையாவது இருக்கும்படி வெட்டி, ஒன்றரை அடி இடைவிட்டு, வெயில் படும் இடத்தில் நடவேண்டும். மாட்டெரு போட்டால் தழைக்கும். தண்ணீருக்குக் குறை வைக்கக் கூடாது. பூத்து முடிந்த தண்டு மறுபடி பூக்காது. அதை அடியோடு அறுத்தால் பக்கத்துக் குருத்துக்குப் பலம். இலை சுருண்டிருந்தால் பிரித்துப் பாருங்கள், உள்ளே புழு இருக்கும், நசுக்கிவிடலாம். இலையில் மஞ்சள் கோடும் திட்டும் பரவினால் அது நச்சுயிரி நோயாக இருக்கலாம். அந்தக் குத்தைக் கிழங்கோடு தோண்டி எரித்துவிட வேண்டும், எவ்வளவு ஆசையாக வளர்த்ததாயினும் சரி. அதிலிருந்து அண்டை வீட்டுக்குக் கிழங்கு கொடுத்தால் நோயையும் சேர்த்துக் கொடுத்ததாகும்.

இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை குத்தைப் பிரிக்காவிட்டால் நெருக்கத்தில் பூ சிறுத்துப்போகும். லயத்து மண் நம் பெயரில் இருந்ததில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட 1950களிலும் 60களிலும் வேலையோடு வீட்டையும் இழந்து வெளியேறிய குடும்பங்கள் பல. மாமரத்தைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. கல்வாழைக் கிழங்கை ஈரச் சாக்கில் சுற்றினால், அடுத்த வாசல் கிடைக்கும்வரை சில நாள் தாங்கும்.