திரும்பும் பதிவர்களும் திரும்பாத பின்னூட்டங்களும்

வலைப்பதிவில் வெளியாகும் ஒரு கட்டுரையைத் தெலுங்கர் 'டபா' என்றனர். அஞ்சலைக் குறிக்கும் அச்சொல் நம் 'தபாலு'க்கு நெருங்கிய உறவு. தமிழர் 'இடுகை' என்னும் பழஞ்சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றினர். பல பதிவுகளை ஒரே பக்கத்தில் திரட்டித் தரும் தளத்துக்குத் தமிழில் 'திரட்டி' என்று பெயர் அமைந்தது. தெலுங்கில் அத்தகைய தளம் ஒன்றின் பெயரே 'கூடலி'. நாற்சந்தி என்பது அதன் பொருள். மதுரையைக் கூடல் என அழைத்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சமூக ஊடகங்களிலிருந்து வெறும் எழுத்தாலான வலைப்பதிவுக்குத் திரும்பும் போக்கு அண்மை ஆண்டுகளில் பேசப்படுகிறது. திரும்புகிறவர்கள் எதனை விட்டுச் சென்றார்கள், எதற்குத் திரும்புகிறார்கள் என்பதை அறிய இச்சொற்களிலிருந்து தொடங்குவது பொருந்தும். திரட்டி, கூடலி, பின்னூட்டம் ஆகிய மூன்றும் தனி எழுத்தாளனைச் சுட்டும் சொற்கள் அல்ல. மூன்றும் கூட்டத்தைச் சுட்டுபவை.

ஹைதராபாத் நகரின் மேற்குப்புறம் அப்போது வேகமாக உருமாறிக்கொண்டிருந்தது. 1998இல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டபின், குகட்பள்ளி வீட்டுவசதி வாரியக் குடியிருப்பிலிருந்து கச்சிபௌலி வரையிலான நிலப்பரப்பு மென்பொருள் பணியாளர்களாலும் அப்பணிக்காகப் படித்துக்கொண்டிருந்தவர்களாலும் நிறைந்தது. குகட்பள்ளியின் விடுதிகளில் தங்கி, ஜவாகர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ அமீர்பேட்டையின் பயிற்சி நிலையங்களிலோ கற்ற தலைமுறைக்குக் கணினி அன்றாடக் கருவியாயிற்று. அதில் தாய்மொழியை எழுதுவது மட்டும் அவ்வளவு எளிதாக இல்லை. ரைஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த தெலுங்கர் வகுத்த ஒலிபெயர்ப்பு முறையைப் பின்பற்றி, ஆங்கில விசைகளைத் தட்டினால் தெலுங்கு எழுத்து தோன்றும் 'லேகினி' என்னும் எளிய பக்கத்தை வீவென் என்ற பெயரில் அறியப்படுபவர் 2006இல் உருவாக்கினார். கூடலியும் அவர் உருவாக்கியதே. யூசுப்குடாவின் கிருஷ்ணகாந்த் பூங்காவில் பதிவர்கள் மாதந்தோறும் கூடினர். ஹைதராபாத் புத்தகக் கண்காட்சியில் 'இ-தெலுகு' என்னும் அமைப்பு கடை விரித்து, கணினியில் தெலுங்கு எழுதுவது எப்படி என்று வருவோருக்குக் காட்டியது. அச்சிட்ட நூல்களின் சந்தையில், விற்பதற்கு எதுவுமின்றி ஒரு கடை.

தமிழில் இவ்வரலாறு சற்று முந்தையது, குழப்பமும் மிகுந்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றியதிலிருந்து 1999ஆம் ஆண்டின் சென்னை மாநாடு வரை, எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதே பெரும் வழக்காக இருந்தது. திஸ்கி, டாம், டாப் எனக் குறியேற்றங்கள் பெருகின. ஒவ்வொரு தளத்தையும் படிக்க ஒவ்வோர் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. விண்டோஸ் 2000உடன் 'லதா' என்ற ஒருங்குறி எழுத்துரு வந்தபின்னரே பொதுவான தரை கிடைத்தது. அத்தரையின் மேல் இ-கலப்பை போன்ற தட்டச்சுக் கருவிகளும், பழைய குறியேற்றத்திலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் சுரதாவின் செயலியும் நின்றன. இவற்றைச் செய்தவர்களுள் பலர் மொழியறிஞர் அல்லர். அலுவலகம் முடிந்த பின்னிரவுகளில் எழுத்தைச் சரிசெய்தவர்கள். 2003இல் தமிழ் வலைப்பதிவுகள் தோன்றத் தொடங்கியதற்குப் புதிய இலக்கிய எழுச்சி எதையும் காரணமாகத் தேட வேண்டியதில்லை. அவ்வாண்டளவில் ஒருவர் எழுதியதை மற்றவர் எந்தச் சிக்கலுமின்றிப் படிக்க முடிந்தது என்பதே போதிய காரணம்.

2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் அப்பதிவுகளை ஓர் ஊராக்கியது. பதிவர் எழுதி முடித்ததும் அத்தலைப்பு முகப்பில் தோன்றும். எவருடைய பதிவுக்குப் புதிதாக மறுமொழி வந்திருக்கிறது என்பதைத் தனிப் பத்தி காட்டும். வாரம் ஒருவர் 'நட்சத்திரப் பதிவர்' ஆவார். இதில் கவனிக்கத்தக்கது மறுமொழிப் பத்திதான். மூன்று நாள் பழைய கட்டுரைக்கு ஒருவர் மறுப்பு எழுதினால் அக்கட்டுரை மீண்டும் எல்லார் கண்ணிலும் படும். விவாதம் முடியும்வரை கட்டுரை சாகாது. கோயம்புத்தூர்க்காரரின் விவசாயக் குறிப்பும், டொராண்டோவிலிருந்து எழுதிய ஈழத்தமிழரின் ஊர் நினைவும், பெரியாரைப் பற்றிய சண்டையும், வத்தக்குழம்புச் செய்முறையும் ஒன்றின்கீழ் ஒன்றாக நின்றன. அவற்றை வரிசைப்படுத்தியது காலம் மட்டுமே. வாசகனின் விருப்பத்தைக் கணித்து எதையும் எவரும் மறைக்கவில்லை.

இதனைப் பொற்காலம் என்று எழுதுவோர் உண்டு. அது மிகை. அங்கே சாதி வசை இருந்தது. முகமூடிப் பெயர்களின் பின் பெண் பதிவர்களை இழிவுபடுத்தும் வழக்கம் இருந்தது. பிறர் பெயரில் போலியாக எழுதிய கொடுமையும் இருந்தது. 'சூடான இடுகைகள்' என்ற பகுதி வந்தபின் சூட்டுக்காகவே எழுதுவோர் பெருகினர். சமூக ஊடகம் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் நோய்களில் பாதியேனும் திரட்டியிலேயே கருக்கொண்டவை. வேறுபாடு ஒன்றுதான்: அந்தச் சண்டைகளை இன்றும் தேடிப் படிக்கலாம். யார் எந்த நாளில் என்ன சொன்னார், யார் மறுத்தார் என்பது பெரும்பாலும் முகவரியோடு கிடைக்கிறது.

பதிவர்கள் முகநூலுக்குப் பெயர்ந்ததற்குச் சோம்பலே காரணம் என்பது பரவலான கருத்து. நுட்பக் காரணங்களை நோக்கினால் அக்கருத்து நிற்காது. முகநூலின் நிலைத்தகவலுக்கு முன்பு 420 எழுத்துகளே எல்லை. அதில் கட்டுரை எழுத இயலாது. 2011இல் அவ்வெல்லை படிப்படியாக உயர்ந்து, நவம்பரில் 63,206 எழுத்துகளாயிற்று. அதாவது, ஒரு சிறுகதையை முழுமையாக இடும் வசதி அவ்வாண்டின் இறுதியில்தான் வந்தது. அதே காலத்தில் கைப்பேசியில் தமிழ் தட்டச்சு இயல்பாயிற்று. முகநூல் கைப்பேசிக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. பிளாக்கர் மேசைக்கணினியை விட்டு இறங்கத் தயங்கியது. 2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடர் மூடப்பட்டது. பல பதிவுகளைத் தொடர்ந்து படிக்க வாசகரிடம் இருந்த முதன்மைக் கருவி அதனோடு போயிற்று. எழுதுவோர் போனதால் வாசகர் போயினரா, வாசகர் போனதால் எழுதுவோர் போயினரா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டும் சேர்ந்தே நடந்தன.

பெயர்ச்சியின் விளைவு வரலாற்று மாணவரைத் தாக்கும் இடம் வேறு. 2015 ஜனவரியில், நாமக்கல்லில் 'மாதொருபாகன்' தொடர்பாக நடந்த பேச்சுவார்த்தைக்குப் பின், எழுத்தாளனாகத் தாம் இறந்துவிட்டதாகப் பெருமாள்முருகன் அறிவித்தார். அப்பத்தாண்டின் மிக முக்கியமான இலக்கிய ஆவணங்களுள் ஒன்றான அவ்வறிவிப்பு அச்சில் வரவில்லை, வலைப்பதிவிலும் வரவில்லை, முகநூலில் வந்தது. இன்று அது நமக்குக் கிடைப்பதற்குக் காரணம் முகநூல் அன்று. நாளிதழ்கள் அதனை வெளியிட்டன. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அவ்வழக்கின் வரலாற்றை நிலைநிறுத்தியது. நீதிமன்றம் வரை செல்லாத அறிவிப்புகள், நாளிதழ் பொருட்படுத்தாத விவாதங்கள், அக்காலத்தில் முகநூலிலேயே எழுதப்பட்டு அங்கேயே தங்கிவிட்ட நூல் மதிப்புரைகள் ஆகியவற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை. தனிக்கணக்கின் பழைய இடுகையைத் தேடுபொறி எளிதில் கண்டடையாது. கணக்கை முடக்கினால் பத்தாண்டு எழுத்து ஒரே நொடியில் மறையும்.

பெயராமல் நின்றவர்களும் இருந்தனர். ஜெயமோகன் 2014 ஜனவரி 1 முதல் 'வெண்முரசு' நாவல் தொடரை நாள்தோறும் இணையத்தில் வெளியிட்டு 2020இல் 26 நூல்களாக நிறைவு செய்தார். நீண்ட எழுத்தை எவரும் படிப்பதில்லை என்ற பேச்சு முகநூலில் ஓங்கியிருந்த ஆண்டுகள் அவை. அவருடைய கருத்துகளோடு உடன்படாதவர்களும் மேற்கோள் காட்ட அவருடைய தளத்துக்கே செல்ல வேண்டியிருந்தது. ஏனெனில் அங்கே தலைப்பும் நாளும் நிலையான முகவரியும் இருந்தன. ஆய்வேடுகளில் எவருடைய இணைய எழுத்து அதிகம் மேற்கோளாகிறது என்பதில் எழுத்தின் தரத்துக்குப் பங்கு உண்டு. முகவரிக்கும் பங்கு உண்டு. இரண்டாவதை நம் துறையினர் போதிய அளவு பேசுவதில்லை.

திரும்பும் அலைகள் சில வந்தன. 2019 இறுதியில், நாஜி வணக்கம் செய்ய மறுத்து நிற்கும் ஜெர்மானியத் தொழிலாளியின் புகைப்படத்தை முகப்பில் வைத்திருந்த மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியது. இந்தியப் பயனர் பலர் அப்போது மாஸ்டடானில் கணக்குத் தொடங்கினர். 2021இல் வேறொரு தரப்பினர், அமைச்சர்கள் உட்பட, பெங்களூரின் 'கூ' செயலிக்குச் சென்றனர். அது 2024 ஜூலையில் மூடப்பட்டது. 2022 அக்டோபரில் ட்விட்டர் ஈலான் மஸ்க் கைக்கு மாறியபின் மீண்டும் ஓர் அலை. இவற்றுள் பெரும்பாலானவை ஒரு சந்தையிலிருந்து இன்னொரு சந்தைக்குச் சென்றவை. பழைய வலைப்பதிவுக்கு மீண்டவர்களின் எண்ணிக்கை சிறியது; ஓசையும் சிறியது. எனினும், அவர்களே தாம் எழுதியதைத் தம்மோடு கொண்டுசெல்ல முயன்றவர்கள். ஆதலால் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது அவர்கள் வழியாகவே தெரியவருகிறது.

கணக்கில் உள்ளவற்றைப் பதிவிறக்கும் வசதியை முகநூல் 2010 முதல் அளிக்கிறது. அக்கோப்பை 'ஜேசான்' வடிவில் பெற்றால், தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மும்மூன்று அயற்குறிகளாகச் சிதைந்து வருவதைக் காணலாம். எண்ணிம மதிப்புகளைத் தவறாக வாசித்துப் பொதிவதால் நேரும் பிழை அது. சிறு நிரல் எழுதி மீட்கலாம். நிரல் எழுதத் தெரியாத தமிழாசிரியர், திஸ்கிக் காலத்தில் தாம் கண்ட அதே புரியாக் குறிகளின் முன் மீண்டும் அமர்கிறார். வலைப்பக்க வடிவில் பெற்றால் எழுத்து தப்பிக்கும். ஆனால் பெரிய இழப்பு அதிலும் உண்டு. கணக்கு உரிமையாளர் எழுதியது மட்டுமே அக்கோப்பில் இருக்கும். அவருடைய இடுகையின்கீழ்ப் பிறர் எழுதிய மறுமொழிகள் பிறருடைய சொத்து; அவை வாரா. பிளாக்கரின் ஏற்றுமதிக் கோப்போ பதிவையும் பின்னூட்டங்களையும் சேர்த்தே தருகிறது. உரையோடு சேர்த்தே நூலைப் படித்த மரபில் வந்தவர்களுக்கு, மூலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எதிர்வாதத்தை விட்டுவிடும் இந்த ஏற்பாடு விந்தையானதுதான்.

வலைப்பதிவு அழியாதது என்று இதற்குப் பொருளில்லை. 2006 ஜூலையில் மும்பை ரயில் குண்டுவெடிப்புகளுக்குச் சில நாள்களுக்குப்பின், சில பக்கங்களைத் தடைசெய்ய அரசு ஆணையிட்டது. இணைய இணைப்பு நிறுவனங்கள் பல பிளாக்ஸ்பாட் தளம் முழுவதையுமே மறித்தன. 2009இல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. 2012 முதல் இந்திய வாசகரை 'இன்' என முடியும் பிளாக்ஸ்பாட் முகவரிக்குக் கூகுள் திருப்பிவிட்டது. 2020இல் அப்பெயரே அந்நிறுவனத்தின் கையை விட்டுப் போயிற்று. அவ்விடைப்பட்ட ஆண்டுகளில் எழுதப்பட்ட ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளில் அவ்வகை முகவரிகள் இன்றும் கிடக்கின்றன. இறுதி எழுத்துகளை மாற்றித் தட்டினால் கட்டுரை கிடைக்கும் என்பது தெரிந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். யாஹூ குழுமங்களின் கதை இன்னும் கொடியது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற குழுமங்களில் வலைப்பதிவுக்கு முன்னரே தமிழ் விவாதம் செழித்திருந்தது. யாஹூ 2019 டிசம்பரில் குழுமங்களின் பழைய மடல்களைத் தளத்திலிருந்து நீக்கத் தொடங்கி, மறு ஆண்டு சேவையையே நிறுத்தியது. உறுப்பினர் தம் கணினியில் சேமித்தவையும் தனித்தளத்தில் முன்பே எடுத்து வைத்தவையுமே எஞ்சின.

இன்று முகநூலை விட்டு வலைப்பதிவுக்கு மீளும் ஒரு தமிழ் எழுத்தாளருக்கோ, ஹைதராபாத்தில் மீண்டும் 'டபா' எழுத அமரும் தெலுங்கருக்கோ பக்கம் கிடைக்கிறது. நாள், தலைப்பு, முகவரி கிடைக்கின்றன. நாற்சந்தி கிடைப்பதில்லை. ஓடைகளைத் தொகுக்கும் செயலிகள் உண்டு. ஆனால் அவை ஒவ்வொரு வாசகரின் தனி அறைகள். அங்கே வத்தக்குழம்பு தேடி வந்தவர் பெரியாரைப் பற்றிய சண்டையில் தடுக்கி விழ வழியில்லை. ஆகவே மீண்டவர் செய்வது என்ன? புதிய கட்டுரையை வலைப்பதிவில் இடுகிறார். அதன் சுட்டியை முகநூலில் இடுகிறார். வாசகர் சுட்டியைத் தட்டிப் படித்துவிட்டுத் திரும்பி வந்து, மறுமொழியை முகநூலிலேயே எழுதுகிறார். வலைப்பதிவின் அடியில் பின்னூட்டம் சுழியமாக நிற்கிறது. கட்டுரை ஓரிடத்தில், அதற்கு எழுந்த மறுப்பு வேறிடத்தில்; அம்மறுப்பு எந்த ஏற்றுமதிக் கோப்பிலும் அக்கட்டுரையோடு சேர்ந்து வருவதில்லை.