மூன்று நீர்நிலைகளும் ஒரு மாத்திரையும்

1519ஆம் ஆண்டு கொர்த்தேஸின் படையோடு மெக்சிகோவுக்குச் சென்ற பெர்னால் தியாஸ் என்னும் போர்வீரர், முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் அஸ்தெக்குகளின் பெருஞ்சந்தையை விரிவாக வருணிக்கிறார். பொன்னும் இறகுகளும் விற்ற அந்தச் சந்தையில், ஏரியின் மேல் படியும் ஒருவகைச் சேற்றைத் திரட்டிச் செய்த சிறு அப்பங்களும் இருந்தன. அவற்றின் சுவை பாலாடைக்கட்டியை ஒத்தது என்கிறார். இன்று ஸ்பைருலினா என்றும் சுருள்பாசி என்றும் மருந்துக் கடைகளில் மாத்திரையாக விற்கப்படுவது இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஸ்பானியர் ஆட்சியில் டெஸ்கோகோ ஏரி வடிக்கப்பட்டது. அந்த உணவும் மறக்கப்பட்டது.

அது மீண்டும் கண்ணில் பட்டது ஆப்பிரிக்காவில். சாட் ஏரியை அடுத்த கனெம் பகுதியில் உண்ணப்படும் 'திஹே' என்ற பச்சை வில்லையைப் பற்றி 1940இல் தாஞ்சார் என்ற பிரெஞ்சு அறிஞர் எழுதினார். போர்க்காலத்தில் அதைக் கவனிப்பார் இல்லை. 1964–65இல் அங்கே சென்ற பெல்ஜியத் தாவரவியலாளர் ழான் லெயோனார் எழுதிய பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. கனெம்பு இனப் பெண்கள் குட்டைகளிலிருந்து பாசியை அள்ளி, மணலில் ஊற்றி நீரை வடித்து, வெயிலில் உலர்த்தித் துண்டுகளாக்குவார்கள். அது தினைக் களிக்கான குழம்பில் சேரும். அந்தக் குட்டைகளின் உவர்நீரில் பிற பாசிகள் எளிதில் தழைப்பதில்லை. அந்த உவர்ப்பே அவ்வுணவின் காவல்.

உலர்ந்த சுருள்பாசியின் எடையில் 60 முதல் 70 விழுக்காடு புரதம் என்று தெரிந்ததும், உலகின் பசியைத் தீர்க்கும் உணவு கிடைத்துவிட்டதாகப் பேச்சு எழுந்தது. சென்னையில் சி.வி.சேஷாத்ரியின் தலைமையில் முருகப்பச் செட்டியார் ஆய்வு மையம் இதைச் சிற்றூர்த் தொட்டிகளில் வளர்க்கும் முறையை உருவாக்கியது. வைட்டமின் ஏ குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அளித்தும் பார்த்தது. பீட்டா கரோட்டீன் நிறைந்த பாசி அங்கே பயன்பட்டதில் வியப்பில்லை.

ஆயினும் விழுக்காடு வேறு, அளவு வேறு. நாளொன்றுக்கு 5 கிராம் உட்கொண்டால் கிடைக்கும் புரதம் ஏறத்தாழ 3 கிராம். அரை முட்டையில் உள்ள அளவு. சைவ உணவினருக்கு இதில் பி12 கிடைக்கும் என்ற விளம்பரம் இன்னும் பிழையானது. ஸ்பைருலினா மாத்திரைகளில் மிகுந்திருப்பது மனித உடலுக்குப் பயன்படாத போலி பி12 என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999இல் காட்டினர். அதை நம்பி உண்மையான குறைபாட்டைக் கவனியாது விட்டால் நரம்புகள் கெடும்.

மூன்றாவது நீர்நிலை, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து மேல் கிளாமத் ஏரி. இங்கே எடுக்கப்படுவது சுருள்பாசி அன்று, வேறொரு நீலப்பச்சைப் பாசி. வளர்க்கப்படுவதும் அன்று, தானே விளைவதை அள்ளுவது. 1996இல் அவ்வேரியில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நச்சுப்பாசியும் உடன் பெருகியது. அதன் நஞ்சு கல்லீரலைத் தாக்குவது, கொதிக்கவைத்தாலும் அழியாதது. அதே ஆண்டு பிரேசிலின் கருவாரு நகரில், இந்நஞ்சு கலந்த நீர் சிறுநீரக நோயாளிகளின் இரத்தச் சுத்திகரிப்பில் பயன்பட்டு, 50 பேர் அளவில் மாண்டனர். மாத்திரை விழுங்குவது அதற்கு நிகரான ஆபத்தன்று. ஆனால் நஞ்சு ஒன்றே. 1997இல் ஓரிகன் அரசு, கிராமுக்கு 1 மைக்ரோகிராம் என வரம்பு விதித்தது. பின்னர் வெளியான ஆய்வொன்றில், சோதித்த 87 பாசி மாதிரிகளுள் 85இல் நஞ்சு இருந்தது. 63 மாதிரிகள் வரம்பை மீறியிருந்தன.

கனெம்புப் பெண்ணுக்குத் தன் குட்டை தெரியும். குப்பியை வாங்குபவருக்கு அதன் நீர் தெரியாது. ஆகவே வாங்குமுன் கேட்கவேண்டியவை இரண்டு: இது எந்த நீரில் விளைந்தது? நஞ்சுக்கும் கன உலோகங்களுக்கும் சோதித்த சான்று உண்டா? விடை இல்லையெனில், குறிப்பாகக் குழந்தைகளுக்கும் கருவுற்றோருக்கும் கல்லீரல் நோயாளிகளுக்கும், அம்மாத்திரை வேண்டா. பீட்டா கரோட்டீனுக்கு முருங்கைக்கீரை இருக்கிறது.